நான்காவது வீட்டுக் குழந்தை

மேடையில் எனக்கு ஏழு நிமிடம் தருவார்கள். ஆறாவது நிமிடத்தில் ஒரு மணி, ஏழாவதில் இரண்டு மணி. தாளின்மீது மணி அடிக்க எவரும் இல்லை. ஆகவே வேண்டிய நேரத்தை எடுத்துக்கொள்கிறேன். என் குரல் இன்னும் பாதி மூக்கு வழியாகவே வெளிவருகிறது என்பது நான் எழுத முன்வந்ததற்கு ஒரு காரணம். மேடையில் சொன்ன ஒன்றை நான் திரும்பப் பெற வேண்டியிருக்கிறது என்பது அதைவிடப் பெரிய காரணம்.

செம்பட்டிக்கும் கன்னிவாடிக்கும் இடையே, சம்பங்கித் தோட்டங்கள் சூழ்ந்த ஊர் என்னுடையது. அப்பா பூ விளைவிக்கிறார். அண்ணன் அதை விடியற்காலையில் திண்டுக்கல் பூச்சந்தைக்குக் கொண்டு செல்கிறார். நான் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஆறாம் வகுப்பில் மேடை ஏறினேன், இன்றுவரை இறங்கவில்லை. எந்தத் தலைப்பு தந்தாலும், எந்த அணியில் அமர்த்தினாலும், எழுந்து நின்றால் அவை என் பக்கம் சாயும். இதைத் தற்பெருமை என்று கொள்ள வேண்டாம். கொண்டாலும் மறுக்கப் போவதில்லை.

சென்ற பங்குனியில் எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவில் ஒரு பட்டிமன்றம். பிள்ளைகளை நோயிலிருந்து பெரிதும் காப்பது ஊசியா, உணவா என்பது தலைப்பு. எந்த அணி எவருக்கு என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்வது எங்கள் வழக்கம். எனக்கு உணவு வந்தது. கேழ்வரகையும் முருங்கைக் கீரையையும் தாய்ப்பாலையும் சொல்லி முடித்தபோது இன்னும் இரண்டு நிமிடம் மீதமிருந்தது. பின்வரிசையில் சிலர் எழுந்து போய்க்கொண்டிருந்தார்கள். எழுந்து போகிறவரை உட்கார வைப்பது எப்படி என்று எனக்குத் தெரியும். குரலைத் தாழ்த்தினேன்.

எங்கள் தெருவில் நான்காவது வீட்டில் ஒரு குழந்தை இருக்கிறது என்றேன். அப்போதுதான் நடக்கத் தொடங்கிய குழந்தை. ஒன்றரை வயதில் போடும் ஊசியைப் போட்டுவந்த அன்றே காய்ச்சல் கண்டது. எழுந்து நடந்த கால் மறுபடியும் தவழப் போய்விட்டது. வாசலில் நிறுத்திய நடைவண்டி இன்றும் அப்படியே நிற்கிறது என்றேன். எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள். ஒரு பெண் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

அப்படி ஒரு குழந்தை இல்லை. மேடையில் எடுத்துக்காட்டுகளை நாங்கள் அவ்வப்போது அப்படித்தான் பிறப்பிப்போம். எதிரணிக்காரருக்கு அது தெரியும், நடுவருக்கும் தெரியும். அவர் கோப்பையை என் கையில் கொடுத்தார். பெருமிதம் தாங்காத அண்ணன், கைப்பேசியில் பதிவு செய்த அந்தப் பேச்சைச் சொந்தக்காரர் அத்தனை பேருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பினார்.

இனி நோய்க்கு வருகிறேன்.

ஆவணியில் கல்லூரிகளுக்கிடையே ஒரு பேச்சுப் போட்டி இருந்தது. பெரிய போட்டிக்கு முன் மூன்று நாள் நான் எவரிடமும் பேசமாட்டேன், குரலைச் சேமிப்பேன். கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, அதிமதுரத்தை வாயில் அடக்கிக்கொண்டு, வேண்டியதைத் தாளில் எழுதிக் காட்டுவேன். வீட்டார் இதற்குப் பழகியிருந்தார்கள். மாதம் ஒரு போட்டி வந்தால் வீடு நிம்மதியாக இருக்கும் என்று அண்ணன் சொல்வதுண்டு.

முதல் நாளே தொண்டை வலித்தது. ஒத்திகையில் குரலை அதிகம் உயர்த்திவிட்டேன் என்று எண்ணினேன். மேடைப் பேச்சாளர் எவருமே தொண்டை வலியை நோயாக நினைப்பதில்லை; அதைத் தொழிலின் கூலியாக நினைப்போம். மிளகும் பனங்கற்கண்டும் போட்டுக் கொதிக்க வைத்துக் குடித்தேன். இரண்டாம் நாள் எச்சில் விழுங்க முடியவில்லை. மூன்றாம் நாள் பேச நினைத்தாலும் குரல் வந்திராது. ஆனால் நான் பேசாமல் இருப்பதைக் கண்டு ஒருவரும் ஐயப்படவில்லை. துண்டுக்கு அடியில் கழுத்து வீங்குவதையும் ஒருவரும் பார்க்கவில்லை. இந்த மூன்று நாளும் அண்ணன் மகள் யாழினி, இருபது மாதக் குழந்தை, என் மடியில்தான் கிடந்தாள்; என் தம்ளரில் வாய் வைத்தாள்.

மூன்றாம் நாள் மாலையில் துண்டை அவிழ்த்தவர் மதினிதான். அண்ணன் மனைவி, சின்னாளபட்டியில் பிறந்தவர். துண்டைத் துவைக்கப் போடலாம் என்று எடுத்தவர், என் கழுத்தைப் பார்த்து அப்படியே நின்றார். தாடைக்கும் தோளுக்கும் இடையில் கழுத்தென்று ஒன்று இல்லை.

செம்பட்டியில் ஒரு மருத்துவர் டார்ச்சை அடித்து என் வாய்க்குள் பார்த்தார். பார்த்தவுடன் முகக்கவசத்தைச் சரிசெய்துகொண்டு இரண்டடி பின்னால் நகர்ந்தார். என் தொண்டையின் இரு பக்கமும் சாம்பல் நிறத்தில் ஒரு படலம், பழைய தோல்போல ஒட்டியிருந்தது. பத்து வயதிலும் பதினாறு வயதிலும் பள்ளியில் போடும் ஊசிகளைப் போட்டேனா என்று கேட்டார். பத்து வயதில் போட்டது நினைவிருந்தது. பதினாறில், ஊசிக்கு மறுநாள் மாவட்டப் பேச்சுப் போட்டி. காய்ச்சல் வந்துவிடக் கூடாதென்று நானே வகுப்பாசிரியரிடம் கெஞ்சி வரிசையிலிருந்து விலகினேன். அன்றும் முதல் பரிசு எனக்குத்தான்.

தொண்டை அடைப்பான், ஆங்கிலத்தில் டிப்தீரியா, என்பது அதன் பெயர். கிருமி தொண்டையில் தங்குகிறது. அது கக்கும் நஞ்சு உடலெங்கும் பரவுகிறது. படலம் மூச்சுக்குழலை அடைக்கலாம். நஞ்சு இதயத்தையும் நரம்பையும் பற்றலாம். எனக்கு அது எங்கிருந்து வந்தது என்பதை எவராலும் கண்டுபிடிக்க முடியவில்லை.

அன்றே அரசு மருத்துவமனையில் தனி அறையில் சேர்த்தார்கள். தொண்டையிலிருந்து பஞ்சுக் குச்சியில் எடுத்ததைச் சோதனைக்கு அனுப்பினார்கள். நச்சு முறிவு மருந்து மதுரையிலிருந்து வர வேண்டியிருந்தது. அது குதிரையின் குருதியிலிருந்து செய்யப்படுவது. சிலருக்கு ஒவ்வாமல் போகும். எனவே முதலில் ஒரு துளியைத் தோலுக்கு அடியில் செலுத்திப் பார்த்தார்கள். அந்த அரைமணி நேரம் என் முன்கையில் ஒரு கொசுக்கடி அளவு இடத்தையே நானும் செவிலியரும் பார்த்துக்கொண்டிருந்தோம். தடிப்பு வரவில்லை. பிறகு மருந்து முழுவதும் சொட்டுச் சொட்டாக ஏறியது.

இளம் மருத்துவர் ஒருவர் எனக்கு விளக்கினார். குருதியில் இன்னும் அலைந்துகொண்டிருக்கும் நஞ்சை இந்த மருந்து முறிக்கும். உறுப்பைப் பற்றிவிட்ட நஞ்சை இது ஒன்றும் செய்யாது. அதை உடல்தான் மெல்ல ஆற்ற வேண்டும். இதயம் தாங்குகிறதா என்று அறிய நாள்தோறும் இசிஜி எடுத்தார்கள். எழுந்து நடக்கக்கூடத் தடை. பேசக் கூடாது என்றார்கள். அழைக்க வேண்டுமானால் தட்டுமாறு ஒரு எவர்சில்வர் தம்ளரும் கரண்டியும் தந்தார்கள். என் வாழ்வில் முதன்முறையாக மணி அடிப்பவளாக நானே இருந்தேன்.

நான்காம் நாள், சன்னலுக்கு வெளியே முகக்கவசத்துடன் நின்று அம்மா வீட்டுச் செய்தி சொன்னார். எங்கள் ஊர்ச் சுகாதாரச் செவிலியர், நர்சம்மா என்று எல்லாரும் அழைப்பவர், வீட்டுக்கு வந்திருக்கிறார். எல்லாருடைய தொண்டையிலும் சோதனைக்கு எடுத்து, எல்லாருக்கும் மாத்திரை கொடுத்திருக்கிறார். யாழினியின் தடுப்பூசி அட்டையைப் பார்த்திருக்கிறார். கைக்குழந்தைப் பருவத்து ஊசிகள் மூன்றும் போட்டாயிற்று. ஒன்றரை வயது ஊசிக்கு உரிய கட்டம் மட்டும் வெறுமையாக இருந்தது. இரண்டு மாதமாக மதினி ஏதேதோ காரணம் சொல்லித் தள்ளியிருக்கிறார்.

நர்சம்மா அழுத்திக் கேட்டபோது மதினி கைப்பேசியை எடுத்து அவர் முன் நீட்டினாராம். அதில் நான் பேசிக்கொண்டிருந்தேன்.

"நீ சொன்னதக் கேட்டுட்டுத்தான் மனசே ஆறலைங்குறா. நீ ஒரு வார்த்தை எழுதிக் குடுத்தா" என்று தொடங்கிய அம்மா முடிக்காமல் சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டார்.

மூன்று நாள் கழித்துச் சோதனை முடிவு வந்தது. யாழினியின் தொண்டையில் கிருமி இல்லை. அதைக் கேட்டு நான் அழுதேன். மதினியோ, அதுதான் ஒன்றுமில்லை என்று வந்துவிட்டதே, பிறகெதற்கு ஊசி என்று கேட்டுவிட்டார். இம்முறை குழந்தை தப்பியது. அடுத்த முறைக்குக் காவல் எது?

எழுதினேன். படுத்தபடியே பதினோரு பக்கம். மறுப்புரை என்று தலைப்பிட்டு, ஏழு பிரிவுகள் வகுத்து, எதிரணியின் வாதம் ஒவ்வொன்றையும் முறித்தேன். அந்த எதிரணி நானே என்பதால் அதன் வலுவற்ற இடங்கள் எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தன. நோய் வந்து போனால் உடல் தானாகக் கற்றுக்கொள்ளும் என்று மேடையில் சொல்லியிருந்தேன். இந்த நோயில் அது உறுதியில்லை, குணமான பின் எனக்கே ஊசி போட வேண்டும் என்று மருத்துவர் சொன்னதையும் எழுதினேன். நல்ல உணவு வேண்டும். ஆனால் இந்த நஞ்சை அடையாளம் கண்டு எதிர்க்க எந்தக் கீரையும் உடலுக்குச் சொல்லித் தராது என்ற வரியை எழுதிவிட்டு, அதன் அழகில் சற்று மயங்கினேன் என்பதையும் மறைக்கவில்லை. தாள்களைக் கைப்பேசியில் படமெடுத்து மதினிக்கு அனுப்பினேன்.

மறுநாள் ஒரு வரி மறுமொழி வந்தது. 'எல்லாம் படிச்சேன் கயலு. அந்த நாலாவது வீட்டுப் பிள்ளை இப்ப எப்படி இருக்கு?'

பதினோரு பக்கத்தில் அந்தக் குழந்தையைப் பற்றி ஒரு சொல் இல்லை. வேண்டுமென்றே விட்டிருந்தேன். ஊசி நல்லது என்று ஒப்புக்கொள்வது தலைப்பை மாற்றிப் பேசுவது. அதை எத்தனையோ முறை செய்திருக்கிறேன். குழந்தை பொய் என்று ஒப்புக்கொள்வது வேறு. அதை ஒப்புக்கொண்ட பின் என் எந்த மேடையை எவர் நம்புவார்? கோப்பை அலமாரியில் இருந்தது. ஊர் என்னைக் காட்டித் தன் பிள்ளைகளை அதட்டியது. நான் மறுமொழி அனுப்பவில்லை. இரண்டு நாள் அனுப்பவில்லை.

அந்த இரண்டு நாளில்தான் தண்ணீர் மூக்கு வழியாகத் திரும்பியது. குடித்த கஞ்சி அத்தனையும் மூக்கில் வந்தது. அண்ணத்தின், அதாவது மேல்வாயின், நரம்பை நஞ்சு பற்றியிருக்கிறது என்றார் மருத்துவர். பேசச் சொன்னார், பேசினேன். அறைக்குள் வேறு எவரோ பேசியதுபோல இருந்தது. குடத்துக்குள்ளிருந்து வரும் குரல். பாதி ஒலி மூக்கில் ஓடி மறைந்தது. சில வாரங்களில், சில மாதங்களில் சரியாகும் என்றார் அவர். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். இதயம் நின்றுவிடுமோ என்று அஞ்சியபோதுகூட அவ்வளவு அஞ்சவில்லை.

பதினாறாம் நாள். கிருமி இல்லை என்ற சான்று இரண்டாம் முறையும் வந்தபின், பார்வையாளரை உள்ளே விட்டார்கள். முதலில் வந்தவர் மதினி. குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு, தூக்குவாளியில் கேப்பைக் கூழ் கொண்டுவந்திருந்தார்.

"கெட்டியாக் கிண்டியிருக்கேன். தண்ணியா இருந்தாத்தான் மூக்குல ஏறும்னு நர்சம்மா சொன்னாக. செத்த நேரம் நிமிந்து உக்காரு" என்று தலையணையை என் முதுகுக்கு முட்டுக் கொடுத்தார். கூழ் உள்ளே இறங்கியது. மூன்று நாளில் முதன்முறையாக ஒன்று மூக்கில் வராமல் வயிற்றுக்குப் போனது. அவர் கரண்டியைத் தாழ்த்திக்கொண்டு, தரையைப் பார்த்தபடியே பேசினார்.

"நானும் எண்ணிப் பாத்துட்டேன் கயலு. பிள்ளையார் கோயில்லருந்து எண்ணுனா நாலாவது பூட்டிக் கெடக்குற வீடு. தண்ணித் தொட்டியிலருந்து எண்ணுனா டெய்லர் வீடு. டெய்லர் வீட்டு அக்காகிட்டக் கேட்டேன். அப்படியாரும் இல்லைன்னாக. சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு மறைக்காகன்னு நெனச்சேன். பூட்டுன வீட்டுக்காரக அந்தப் பிள்ளையத் தூக்கிக்கிட்டுத்தான் வைத்தியத்துக்கு ஊரை விட்டுப் போயிட்டாகளோன்னு தோணுச்சு."

என் பொய்யைச் சோதித்துப் பார்க்க அவர் தெருவின் இரு முனையிலிருந்தும் நடந்திருக்கிறார். குழந்தை இல்லை என்று கண்டதும் பொய்யென்று எண்ணவில்லை. மறைத்துவிட்டார்கள் என்று எண்ணியிருக்கிறார். நான் சொன்னதால்.

"அப்படி ஒரு பிள்ளை இல்லை மதினி" என்றேன், அந்த மூக்குக் குரலில்.

"இல்லைன்னா?" அவர் நிமிர்ந்து பார்த்தார். "எறந்துருச்சா?"

"பொறக்கவே இல்லை. நானாச் சொன்னது."

அவர் கரண்டியைத் தூக்குவாளிக்குள் வைத்தார். மூடியை எடுத்து மூடினார். மூடி சரியாகப் பொருந்தாமல் இரண்டு முறை திருப்பினார். மேடையில் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள், அது எடுத்துக்காட்டு என்று நான் விளக்கத் தொடங்கினேன்.

"எனக்கு மேடையெல்லாம் தெரியாது. உன்னையத்தான் தெரியும்" என்றார். "அஞ்சு மாசமா விளக்கேத்தும்போதெல்லாம் அந்தப் பிள்ளைக்கும் சேத்துக் கும்புட்டுருக்கேன்டி."

அவர் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஊசியைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

திங்களன்று வீடு திரும்பினேன். மதினி என்னோடு பேசவில்லை. ஆனால் என் கஞ்சி மட்டும் வேளை தவறாமல் கெட்டியாக வந்தது. செவ்வாய் மாலை, யாழினிக்குத் தலை வாரிக்கொண்டே என் பக்கம் திரும்பாமல் சொன்னார்.

"நாளைக்கு அங்கன்வாடிக்கு நர்சம்மா வாராக. உனக்கும் போடணுமாம்ல. மொதல்ல நீ போட்டுக்க. அன்னைக்கி மைக்குல சொன்னதை அங்க எல்லார் முன்னாடியும் இல்லைன்னு சொல்லு. உங்கண்ணன் அதைப் பிடிக்கட்டும். அது போன எடத்துக்கெல்லாம் இது போகணும். பெறகு என் பிள்ளையத் தாரேன்."

இந்தக் குரலிலா என்று கேட்டேன்.

"இந்தக் கொரல்லதான்" என்றார்.

புதன்கிழமை அங்கன்வாடியில் பத்துப் பன்னிரண்டு தாய்மார்கள் பாயில் அமர்ந்திருந்தார்கள். நர்சம்மா என் புயத்தில் ஊசியைப் போட்டார். பிறகு எழுந்து நின்றேன். பழக்கத்தால் வலக்கை தானாக உயர்ந்தது, இறக்கினேன். வணக்கம் வைக்கவில்லை, முன்னுரை வைக்கவில்லை. நான்காவது வீட்டில் குழந்தை இல்லை. கைதட்டலுக்காக நான் உண்டாக்கினேன். அதைக் கேட்டு என் வீட்டுக் குழந்தைக்கே ஊசி தள்ளிப்போனது. பதினாறு வயதில் நான் தவிர்த்த ஊசிக்கு ஈடாக என் குரலைக் கொடுத்தேன். இவ்வளவுதான். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அண்ணன் அதைக் கைப்பேசியில் பிடித்துக்கொண்டிருந்தார்.

எவரும் கைதட்டவில்லை. ஒரு குழந்தை என் குரலைக் கேட்டுச் சிரித்தது. கடைசியில் இருந்த ஒரு பெண், "அன்னைக்கிச் சொன்னது பொய்யின்னா, இன்னைக்கிச் சொல்றது மட்டும் நெசம்னு எப்படி நம்ப?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. என்னை நம்ப வேண்டாம் என்றேன். ஊசி போட்டால் என்ன வரும் என்று நர்சம்மாவிடம் கேளுங்கள். போடாவிட்டால் என்ன வரும் என்பதற்கு என் தொண்டையைப் பாருங்கள் என்றேன். நர்சம்மா எதையும் மறைக்கவில்லை: காய்ச்சல் வரலாம், தொடை வீங்கலாம், ஒன்றிரண்டு நாள் குழந்தை சிணுங்கும், அரிதாக வேறு ஏதாவது வந்தால் உடனே தூக்கிவர வேண்டும், அதற்குத்தான் அரைமணி நேரம் இங்கே உட்காரச் சொல்வது. கேட்ட பெண் தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஊசி போடாமலேயே போனார். அவரைத் தடுக்கும் தகுதி அன்று எனக்கு இல்லை. அடுத்த புதன் நான் அவர் வீட்டுக்குப் போவேன்.

மதினி யாழினியை என் மடியில் வைத்தார். நான்தான் காலைப் பிடித்துக்கொண்டேன்.

மாலையில் காய்ச்சல் வந்தது. தொடை கன்றிச் சிவந்தது. நர்சம்மா சொன்ன அளவில் மருந்து கொடுத்தோம். மதினி ஒரு முறைகூட என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை. குழந்தையின் காலையே தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கற்பனைக் குழந்தையை அவர் நினைக்கிறார் என்பது எனக்குத் தெரியும். நானும் அதையேதான் நினைத்தேன். இல்லாத ஒரு குழந்தை எங்கள் வீட்டில் அன்று முழுவதும் தவழ்ந்துகொண்டிருந்தது.

வியாழன் காலை காய்ச்சல் விட்டிருந்தது. நான் வாசலில் அமர்ந்து, மருத்துவமனையில் சொல்லிக்கொடுத்தபடி கன்னத்தை உப்பி உப்பிக் காற்றை அடக்கும் பயிற்சியைச் செய்துகொண்டிருந்தேன். மதினி யாழினியைத் தெருவில் இறக்கிவிட்டார். குழந்தை வலித்த காலைச் சற்றுச் சாய்த்து வைத்தது, நின்றது, பிறகு நடந்தது. மதினி கைகொடுக்காமல் ஓரடி பின்னால் போனார். பிள்ளையார் கோயிலைக் கடந்து, முதல் வீடு, இரண்டாவது வீடு. டெய்லர் வீட்டு அக்கா தண்ணீர் தெளிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

பூட்டிக் கிடக்கும் வீட்டின் முன்னால் யாழினி நின்று, திரும்பி எங்களைப் பார்த்தாள். மதினி அவளைத் தூக்கிக்கொண்டு வந்து என் மடியில் இருத்தினார். பிறகு உள்ளே போய், கெட்டியாகக் கிண்டிய கூழ்க் கிண்ணத்தையும் கரண்டியையும் பக்கத்தில் வைத்தார்.

"நாலாவது வீடு வரைக்கும் நடந்துட்டா" என்றார். "இனிமே மேடையில பிள்ளை வேணும்னா, இவளச் சொல்லு."